இரண்டு படங்களுக்கு இடையில்

“தாலிய மேல தூக்கிப் பல்லுல கடிச்சுக்கோ” என்று அக்காவிடம் சொன்னேன். நெஞ்சை ஸ்கேன் எடுக்க வரும் எல்லாப் பெண்களிடமும் நான் சொல்வதுதான் அது. உலோகம் எதுவும் நெஞ்சின் மேல் கிடந்தால் படத்தில் வெள்ளைக் கீற்றுகளாகச் சிதறி, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். கழற்றச் சொன்னால் பாதிப் பேர் கழற்ற மாட்டார்கள். அதனால் கயிற்றை மேலே இழுத்து வாயில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம். அக்கா மறுபேச்சு இல்லாமல் மஞ்சள் கயிற்றை முகத்துக்கு இழுத்து, தாலியைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொண்டாள். கைகள் இரண்டையும் தலைக்கு மேல் நீட்டிப் படுத்திருந்தாள். அக்குளில் ரவிக்கை நூல் பிரிந்திருந்தது. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. நான் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன்.

அக்கா இப்போது இல்லை. மாமா இருக்கிறார். நான் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இதை எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வெகுநாளாகவே வருவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எங்களுக்குக் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம். அவளை மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் இன்னொரு குப்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாமாவுக்கு ஃபைபர் படகில் பங்கு இருந்தது. விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போய், வெயில் ஏறுமுன் திரும்பி வருவார். கரையில் இறங்கும் மீனை ஏலக்காரர்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பெண் இல்லை அக்கா. கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஈசிஆர் சாலையில் தெற்கே போய், உள்ளே திரும்பி, அணுபுரம் குடியிருப்பில் தெருத்தெருவாக விற்பாள். அங்கே இருப்பவர்கள் அணுமின் நிலையத்தில் வேலை செய்யும் பல ஊர்க்காரர்கள். வங்காளத்து வீட்டுக்குத் தலையை வெட்டாமல் கொடுக்க வேண்டும், மலையாளி வீட்டுக்கு மத்தி வந்தால் முதலில் அங்கே போக வேண்டும், இன்ன வீட்டு அம்மாவுக்கு முள் அதிகமுள்ள மீன் ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மணி அடிக்க மாட்டாள், ஹாரன் அடிக்க மாட்டாள். “மீனேய்” என்று ஒரே ஒரு குரல். அது மூன்றாம் மாடி வரைக்கும் போகும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் வாரவிடுமுறையில் அவள் வீட்டில் தூங்கி எழுந்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள்.

நான் ரேடியோகிராபி டிப்ளமோ முடித்துச் செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் சிடி ஸ்கேன் பிரிவில் சேர்ந்தேன். கொரோனா வந்து போன பிறகு குப்பத்தில்கூட சிடி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதற்கடுத்த காலத்தில்தான் எங்கள் மருத்துவமனையில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பல வருடங்களாகப் பீடியோ சிகரெட்டோ புகைத்த, நடுவயது தாண்டிய ஆட்களை, எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே வரச் சொல்லி, குறைந்த கதிரில் நுரையீரலை ஒரு படம் எடுத்துப் பார்ப்பது. இருமல், ரத்தம் என்று தெரிய வரும்போது கட்டி பெரும்பாலும் முற்றிப்போயிருக்கும். அதற்கு முன்னால், சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்பது நோக்கம்.

எங்கள் பிரிவின் தலைமை மருத்துவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். மேடம் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. படங்களைப் பார்க்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோவார். திட்டம் தொடங்கிய வாரம் எங்களை எல்லாம் உட்கார வைத்துச் சொன்னார்: “புள்ளி நெறைய பேருக்கு இருக்கும். பழைய சளி, பழைய டிபி, தூசி, எதுவா வேணா இருக்கலாம். ஒரு படத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு படம் வேணும், நடுவுல காலம் வேணும். வளருதா, எவ்ளோ வேகமா வளருது, அதான் நமக்கு வேணும்.”

வளர்ச்சியை எப்படி அளப்பது என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எட்டு மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள புள்ளி பத்து ஆனால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அது உருண்டை. உருண்டையின் கன அளவைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருக்கும். அப்படி இரட்டிப்பாவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதுதான் விஷயம். சில மாதங்களில் இரட்டிப்பானால் பயப்பட வேண்டும். வருடங்கள் எடுத்துக்கொண்டால் காத்திருக்கலாம். சில புள்ளிகள் அந்த மனிதருடைய ஆயுள் முடியும் வரை ஒன்றும் செய்யாமல் அப்படியே இருந்துவிடும். எது எந்த வகை என்று முதல் படத்தில் தெரியாது. முதல் தடவை இழுத்த அளவுக்கே ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுக்க வைக்க வேண்டும். பாதி மூச்சில் எடுத்தால் நுரையீரல் சுருங்கி, புள்ளியின் அளவும் மாறித் தெரியும். அந்த மூச்சு என்னுடைய பொறுப்பு.

மாமாவுக்குப் பீடி இல்லாமல் எதுவும் நடக்காது. சிறுவயதிலிருந்தே குடித்து வந்தவர். அவரை வரச் சொல்லி அக்காவிடம் சொன்னேன். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவரை ஒருநாள் மொபெட்டின் பின்னால் உட்கார வைத்து அவளே கூட்டி வந்துவிட்டாள். பதிவு செய்யும் இடத்தில் மாமாவிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம், “எனக்கும் ஒண்ணு எடுத்துடேன். வந்ததுதான் வந்தோம்” என்றாள்.

“நீ பீடி குடிச்சியா?” என்றேன்.

“அவுரு வுட்ட பொகையெல்லாம் ஆரு இழுத்தது?” என்று சிரித்தாள். அங்கே உட்கார்ந்திருந்த நர்ஸும் சிரித்தார். திட்டத்தின் விதிப்படி புகைத்தவர்களுக்கு மட்டும்தான். தேவையில்லாதவர்களுக்குக் கதிர் காட்டக் கூடாது என்பது அதற்குக் காரணம். சரியான காரணம்தான். இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

மாமா படுத்தார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். கடலில் மூழ்கி, அடியில் சிக்கிய வலையை விடுவித்து எடுத்துப் பழகிய மனிதர். படம் எடுத்து முடித்து, விடச் சொன்ன பிறகும் விடாமல் படுத்திருந்தார். “எடுத்தாச்சு மாமா, வுடுங்க” என்று இரண்டாம் தடவை மைக்கில் சொல்ல வேண்டியிருந்தது.

வலது நுரையீரலின் மேல்பகுதியில் புள்ளி இருந்தது. மேடம் அதை எல்லாத் திசையிலும் திருப்பிப் பார்த்தார். அளந்தார். மாமாவையும் அக்காவையும் அறைக்குள் கூப்பிட்டு, சின்னதாக ஒன்று இருக்கிறது, இப்போது எதுவும் செய்ய வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்.

“கேன்சரா?” என்று மாமா கேட்டார்.

“தெரியாதுங்க.”

“தெரியாம இன்னாத்துக்கு மூணு மாசம்?”

“தெரிஞ்சுக்கத்தான் மூணு மாசம்” என்றார் மேடம்.

அந்த மூன்று மாதம் மாமா கடலுக்குப் போகவில்லை. பீடியை விட்டார், ஆனால் அதை விட்ட ஆத்திரத்தை வீட்டில் இறக்கினார். படகுப் பங்கைத் தம்பி பேருக்கு எழுதிக்கொடுத்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பகலெல்லாம் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த அந்தச் சின்ன வீட்டின் பின்வாசலில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். சோறு வைத்தால் சாப்பிடுவார். நெஞ்சின் வலது பக்கத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருப்பார், அங்கே வலியே இல்லாதபோதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அக்கா அவருக்கு எதிரில் இடுப்பில் கை வைத்து நின்று, “யோவ், அது ஒரு பயிறு அளவு கீது. நீ ஆறடி கீற. அது இன்னும் ஒண்ணும் செய்யல. நீதான் அதுக்கு முன்னாடி செத்துகினு கீற” என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்குப் பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் மாற்றம் எதுவும் இல்லை. அடுத்த வாரமே மாமா கடலுக்குப் போனார். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை என்று இடைவெளி நீண்டது. ஒவ்வொரு முறையும் அக்கா கூட வந்தாள். அன்றைக்கு அணுபுரத்துக்கு மீன் கிடையாது என்று முன்கூட்டியே அங்கே சொல்லிவிடுவாள். ஸ்கேன் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலி வரிசையில் மாமாவின் சட்டை, செல்போன், இடுப்பு வெள்ளிக்கொடி எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவர்களிடம் ஊர் எது, யாருக்கு என்ன என்று விசாரித்துவிடுவாள். உள்ளே இருக்கும் எனக்கு அவள் பேச்சு கேட்கும். மேடம் ஒருநாள், “உங்க அக்காவ கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லும்மா” என்றார். நான் சொல்லவில்லை.

முடிவு தெரிந்ததும் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மூவரும் நாஸ்தா சாப்பிடுவோம். குப்பத்துக்குத் திரும்பினால் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், “இன்னா, எவ்ளோ கீதாம்?” என்று கேட்பார்கள். “அதேதான் கீதாம்” என்பாள் அக்கா. பிள்ளை எத்தனையாவது படிக்கிறது என்று கேட்பது மாதிரி அது ஒரு சாதாரண விசாரிப்பாக ஆகிவிட்டது. பிள்ளையாவது வகுப்பு மாறும்.

ஒரு வருடம் அது லேசாக வளர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. கணினியில் கன அளவாகக் கணக்கிட்டபோது தெரிந்தது. மேடம் வேறு மருத்துவர்களோடு பேசினார். ஒருவர் எடுத்துவிடலாம் என்றாராம். மேடத்தின் கணக்குப்படி அது இரட்டிப்பாகப் பல வருடங்கள் பிடிக்கும். மாமாவுக்கு வருடக்கணக்கான பீடியால் மூச்சுத்திறன் குறைவு. அந்த உடம்பில் நெஞ்சைத் திறப்பதில்தான் ஆபத்து அதிகம் என்றார்.

“எடுத்துடுங்க மேடம். இத்த வச்சிகினு இருக்கறதே பேஜாரா கீது” என்றார் மாமா.

மேடம் அக்காவைப் பார்த்தார். அக்கா மாமாவைப் பார்த்தாள். “எடுத்தா கடலுக்குப் போவாரா?” என்று கேட்டாள்.

“கொஞ்ச நாள் போக முடியாது. அப்புறம் முன்ன மாதிரி முடியுமான்னு இப்ப சொல்ல முடியாது. மொதல்ல மூச்சப் பழக்கி, ஒடம்பத் தேத்தினா அப்ப யோசிக்கலாம்.”

“அப்போ இருக்கட்டும். பாத்துகினு இருக்கலாம்” என்றாள். மாமா அன்றைக்குச் சாப்பிட வரவில்லை, நேராகப் பேருந்து ஏறிவிட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரு கோச்சிகினா இன்னா. ஆளு நடமாடிகினு இருக்கணும், எனக்கு அதான்” என்றாள். அதற்குப் பிறகு நடை, மூச்சுப் பயிற்சி என்று மேடம் எழுதிக்கொடுத்த எல்லாவற்றையும் மாமாவைச் செய்ய வைத்தாள். கரையோரமாகக் கடற்கரைக் கோயில் வேலி வரைக்கும் அவரை நடக்க விட்டு, தானும் கூட நடப்பாள்.

அந்த நடையில்தான் அவளுக்கு இருமல் தொடங்கியது. மழைக்காலம். எல்லாருக்கும்தான் இருமல் இருந்தது. ஐஸ் பெட்டியோடு புழங்குகிறவளுக்கு இருமல் வருவதில் ஆச்சரியம் என்ன. மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்தாள். மாமல்லபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினாள், அவர் சளிப் பரிசோதனை செய்யச் சொன்னார், டிபி இல்லை என்று வந்தது. தோளில் வலி என்றாள். பெட்டி தூக்குகிற தோள்தான் அது. தை பிறந்தது, மழை நின்றது, இருமல் நிற்கவில்லை. பிறகு குரல் கம்மியது.

அணுபுரத்தில்தான் முதலில் கவனித்தார்கள். மாடியில் இருப்பவர்களுக்கு அவள் வந்ததே தெரியவில்லை. கீழ்வீட்டு அம்மா ஒருவர் தன் பையனை மேலே அனுப்பி, மீன் வந்திருக்கிறது என்று சொல்ல வைத்தாராம். “தொண்ட கட்டிகினு கீது, அதுக்கு இன்னான்றே” என்று என்னிடம் போனில் சொன்னாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் செங்கல்பட்டில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சின்னக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். இடது பக்கக் குரல் நாண் அசையவில்லை என்றார். அதற்குப் போகும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி வளைந்து மேலே வருகிறது, வழியில் எதுவும் அதை அழுத்துகிறதா என்று பார்க்க நெஞ்சில் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் படித்த படிப்புக்கு அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அப்படித்தான் அவள் அந்த மேசையில் தாலியைக் கடித்துக்கொண்டு படுத்தாள். மாமா வெளியே இருந்தார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். இழுத்தாள். இருமல் வந்துவிட்டது. இன்னொரு முறை சொன்னேன். அதுவும் பாதியில் உடைந்தது. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிவக்கப் பிடித்துக்கொண்டாள். படம் திரையில் மேலிருந்து கீழாக வந்தது. கழுத்து, தோளெலும்பு, நுரையீரலின் உச்சி, பிறகு அது. நான் படங்களைப் படித்து அறிக்கை எழுதுகிறவள் இல்லை. ஆனால் அது படிக்கத் தேவையில்லாத படம். பிறகு கல்லீரல் வந்தது, அதிலும் இருந்தது. படம் முடிந்தது. “மூச்சு வுடு” என்று மைக்கில் சொன்னேன். என் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. உள்ளே போய் அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். தாலியை வாயிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்து உள்ளே விட்டுக்கொண்டாள்.

“இன்னா தெரிஞ்சுது?” என்றாள்.

“மேடம் பாக்கணும்.”

“உனுக்குத் தெரியாதா?”

“மேடம் பாக்கட்டும்க்கா.”

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. அடுத்து ஒரு ஆளுக்கு வயிற்று ஸ்கேன் இருந்தது. எடுத்தேன். அதற்கடுத்ததையும் எடுத்தேன். மேடம் வந்து என் தோளில் கை வைத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். வேலை நேரம் முடியட்டும் என்றேன்.

ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள். அதன் முடிவு, பிறகு அதன் மேல் இன்னொரு பரிசோதனை, பிறகு சென்னையில் மருத்துவர் என்று சில வாரங்கள் போயின. பீடி குடிக்காதவர்களுக்கும் வரும் வகைதான் அது என்றார்கள். ஏன் வந்தது என்று நான் கேட்டேன். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மருந்து ஏற்றத் தொடங்கும் முன் மறுபடி ஒரு ஸ்கேன் வேண்டும் என்றார்கள். அதையும் எங்கள் இடத்திலேயே எடுத்தோம். அளப்பதை வேறு யாராவது செய்யட்டும் என்று மேடம் சொன்னார். நானே செய்கிறேன் என்றேன். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்தேன். மாமாவின் புள்ளிக்கு அத்தனை வருடமாக வரைந்த அதே கோடு. கணினி கன அளவைச் சொன்னது. மாமாவுடையது கொஞ்சம் வளர வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டது. இது அந்தச் சில வாரங்களுக்குள் இரட்டிப்புக்கு மேல் போயிருந்தது.

மேடம் எண்ணைப் பார்த்தார். நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். “போன வருஷம் எடுத்திருந்தாலும் இது இருந்திருக்காதும்மா” என்றார். “படம் சுத்தமா இருந்திருக்கும். நாமளும் நிம்மதியா அனுப்பியிருப்போம்.” அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று நான் யோசித்ததுண்டு. வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். அப்படித் தெரிந்ததில் எனக்கு நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் தோன்றவில்லை.

அக்காவிடம் மேடமே சொன்னார். வேகமாக வளருகிறது என்றார், மறைக்கவில்லை. அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அப்போது அவளுக்குக் குரல் கிட்டத்தட்ட இல்லை. காற்று மட்டும்தான் வரும். அவள் கேட்டது எனக்குப் புரிய அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

“அவுருக்கு இந்த மாசந்தானே பாக்கணும்?”

மாமாவின் வருடாந்தர ஸ்கேன் அந்த மாதம்தான் வந்தது. எனக்கே மறந்துவிட்டிருந்தது. மாமா தனக்கு ஒன்றும் வேண்டாம், அது எப்படியோ போகட்டும் என்றார். அக்கா அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். கத்த முடியாததால் அப்படிச் செய்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா உள்ளே வந்து படுத்தார்.

நான் சொன்னபடி மூச்சை இழுத்துப் பிடித்தார். விடச் சொன்னதும் விட்டார். முதல் தடவையாகச் சரியான நேரத்தில் விட்டார். அக்கா வெளியே, வழக்கமாக உட்காரும் இடத்தில், சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோடும் பேசவில்லை. நான் போய் குனிந்து, “அதேதான்க்கா” என்றேன். கண்ணை மூடித் திறந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிடப் போகவில்லை, அவளால் விழுங்க முடியாது.

மருந்து அவளுக்கு ஒத்துக்கொண்ட மாதிரி இருந்து, பிறகு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மழைக்காலம் வரைக்கும் இருந்தாள். கடைசி நாட்களில் அணுபுரத்திலிருந்து இரண்டு பேர் காரில் வந்து பார்த்தார்கள். ஒருவர் வங்காளத்து அம்மா. அவருக்கு அக்காவின் முழுப் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்ததாம். ஒருநாள் காலை, படகுகள் கரைக்கு வரும் நேரம், மாமா கஞ்சி கலக்கிக்கொண்டு வந்தபோது போயிருந்தாள். நான் செங்கல்பட்டில் ஷிப்டில் இருந்தேன். போன் வந்தது. மேசையில் ஒருவர் படுத்திருந்தார். அவருக்கு எடுத்து முடித்துவிட்டுப் புறப்பட்டேன். பேருந்தில் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஏரி நிரம்பிவிட்டது என்று.

மாமா அடுத்த வருடமும் ஸ்கேனுக்கு வந்தார். வர மாட்டார் என்று நினைத்தேன். குறித்த நாளில் தனியாகப் பேருந்தில் வந்து, சட்டையையும் போனையும் வெள்ளிக்கொடியையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு என்னிடமே கொடுத்தார். அந்த முறை வளர்ந்திருந்தது. போன தடவைகளைவிட வேகம் கூடியிருந்தது. இன்னமும் சின்னதுதான், வேறு எங்கும் பரவவில்லை. மேடம் இனிமேல் காத்திருக்க வேண்டாம் என்றார். அக்கா செய்ய வைத்த நடையாலும் பயிற்சியாலும் மாமாவின் மூச்சுத்திறன் இப்போது தேறியிருந்தது. அறுவை சிகிச்சை தாங்கும் என்றார்கள். அவரிடம் கேட்டபோது, “செய்யுங்க” என்றார். முன்பு எடுத்துவிடச் சொல்லிக் கோபித்துக்கொண்டு போன மனிதர். இப்போது எடுக்கச் சொன்னாலும் வைத்துக்கொள்ளச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் தலையாட்டியிருப்பார்.

சென்னையில் எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுவதும் வந்துவிட்டது, நிணநீர் முடிச்சுகளில் எதுவும் இல்லை, மேற்கொண்டு மருந்து வேண்டாம் என்று முடிவு வந்தது. எங்கள் திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ, அப்படி ஒருவர் மாமா. கூட்டங்களில் மேடம் படங்களைக் காட்டிப் பேசும்போது, பெயர் இல்லாமல் மாமாவின் படங்கள் வரிசையாக வரும். வருடத்துக்கு ஒன்றாக, அந்தப் புள்ளி மெதுவாக, மிக மெதுவாகப் பெரிதாகும். கடைசிப் படத்தில் அது இருந்த இடத்தில் ஒரு மெல்லிய தழும்பு. பார்ப்பவர்கள் தலையாட்டுவார்கள். நானும் பின்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன்.

போன மாதம் மாமாவைப் பார்க்கக் குப்பத்துக்குப் போனேன். இப்போது படகில் போவதில்லை. கரையில் மீனைப் பிரித்துக் கொடுக்கும் வேலை செய்கிறார். பகல் உணவு நேரம். அவரே சோறாக்கி, நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார். எனக்குத் தட்டு எடுத்து வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டார்.

“எடுத்தாங்களே, அது எவ்ளோ இருந்துது? ஆரும் காட்டல.”

தட்டின் ஓரத்தில் ஒரு கொண்டைக்கடலை அளவுக்குச் சோற்றை உருட்டிக் காட்டினேன். மாமா குனிந்து பார்த்தார். விரல் நுனியால் அதைத் தொட்டார்.

“இத்துனூண்டு” என்றார்.

“ஆமா மாமா.”

“இத்துக்குத்தான் அவ அத்தினி வாட்டி வந்து வெளிய குந்திகினு இருந்தாளா.”

மாமா குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தி, “துன்னு, ஆறிடும்” என்றார். சாப்பிட்டேன். அந்த உருண்டையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதையும் குழம்பில் பிசைந்து சாப்பிட்டுவிட்டேன்.